கேஸில் சுடுகிறது, கரண்டில் சுடவில்லை

மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் போன் போட்டுச் சொல்லும் புகார்களில் ஒன்று வந்தால் எனக்கு உடனே உற்சாகம் வந்துவிடும்: "கேஸில் போட்டால் தண்ணி நல்லாச் சுடுது, கரண்டில் போட்டால் பச்சைத் தண்ணியாவே வருது." இந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, குழாயில் அடைப்பு இல்லை, வெந்நீர் பைப்பும் பச்சைத் தண்ணீர் பைப்பும் எங்கேயோ கலந்துவிடவில்லை. கேஸும் கரண்டும் சுட வைப்பது ஒரே தொட்டித் தண்ணீரைத்தான் என்பதால், அதையெல்லாம் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பிளக்கிலிருந்து எலிமென்ட் (கரண்டில் சூடாகித் தண்ணீரைச் சுட வைக்கும் கம்பி) வரை போகும் வயரில், அல்லது எலிமென்ட்டில், அல்லது அதன் தெர்மோஸ்டாட்டில்தான் கோளாறு. அந்தப் பாதையை ஒரு முனையிலிருந்து வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

ஆனால் பெரும்பாலும் யாரும் அப்படிப் போவதில்லை. "எலிமென்ட் போச்சு" என்று நேராகக் கடைசி இடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். என் பெரிய மாமாவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நான் மலேசியாவில், பீடோரில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். வீட்டு வயரிங், கடை, கோயில் திருவிழா விளக்கு, தோட்டத்து ஆபீஸ் என்று எல்லாம் கலந்து வரும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் ரோடு பக்கத்திலேயே இருப்பதால் இப்போது கேம்பர்வேன், மோட்டார்ஹோம் வேலையும் வருகிறது. மாமா தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். பிரிட்டனிலிருந்து வந்த பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, வீட்டுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் இடையே இருக்கும் காலி இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அத்தைக்கு மூட்டுவலி, மலையில் இருக்கும் தானா ராத்தா ஊர்க் குளிரில் காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. கேஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். ராத்திரி முழுக்க ஹீட்டரும் அடுப்பும் ஒரே சிலிண்டரில் ஓடினால் நடுவில் தீர்ந்துபோகும், மலையில் விடியற்காலை யார் சிலிண்டர் மாற்றுவது? கரண்ட் பாயிண்ட் இருக்கிற இடத்தில் நிறுத்தினால் கரண்டில் சுட வைத்துக்கொண்டு, கேஸைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் கணக்கு நியாயமானதுதான்.

அந்த ஹீட்டர் 10 லிட்டர் தொட்டி, கேஸ் பர்னர் ஒரு பக்கம், 230 வோல்ட்டில் 850 வாட் எலிமென்ட் இன்னொரு பக்கம். பிரிட்டிஷ் வண்டி என்பதில் ஒரு வசதி உண்டு. வோல்டேஜும் நம்மூர் வோல்டேஜ், 13 ஆம்பியர் பிளக்கும் நம்மூர் பிளக். ஜப்பானிலிருந்து வரும் கேம்பர் என்றால் அங்கே 100 வோல்ட், அமெரிக்க வண்டி என்றால் 120. அந்த எலிமென்ட்டை நம் 230-இல் நேராகக் கொடுத்தால் வாட் ஏறக்குறைய நாலு, ஐந்து மடங்காகிவிடும், அப்புறம் பழுது பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் தேடுவது ஹீட்டர் மேல் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைத்தான். வோல்ட், வாட் இரண்டும் அதில் இருக்கும். அந்த இரண்டு எண்ணும் கிடைத்தால் எலிமென்ட்டின் ஓம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மீட்டரை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் சரி. 230 பெருக்கல் 230, வகுத்தல் 850, ஏறக்குறைய 62 ஓம். 120 வோல்ட் 1440 வாட் என்றால் 10 ஓம்.

மாமா வண்டியில் ஹீட்டர் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. தண்ணீர் சுடவில்லை, எதுவும் டிரிப் ஆகவும் இல்லை. இந்த "டிரிப் ஆகவில்லை" என்பதையும் கவனிக்க வேண்டும். எலிமென்ட்டிலிருந்து கரண்ட் வெளித் தகட்டுக்குக் கசிந்தால் நாம் இஎல்சிபி என்று சொல்லும் அந்த சுவிட்ச் விழும். ஷார்ட் ஆனால் எம்சிபி விழும். இரண்டும் விழாமல் தண்ணீரும் சுடாமல் இருந்தால், எங்கேயோ பாதை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ், சூடு மிஞ்சினால் வெட்டிக்கொள்ளும் கட்-அவுட், தெர்மோஸ்டாட், எலிமென்ட்டுக்குள் இருக்கும் கம்பி, இல்லையென்றால் ஏதாவது ஒரு ஜாயிண்ட். இன்னும் சில மாடல்களில் எலிமென்ட்டுக்குக் கரண்ட் விடுவதே 12 வோல்ட்டில் வேலை செய்யும் ஒரு ரிலே. அதில் பேட்டரி இறங்கிப்போனாலும் கரண்டில் சுடாது, வண்டிக்காரர் 230 வோல்ட் பக்கமே தேடிக்கொண்டிருப்பார். மாமாவுடையது அந்த மாடல் இல்லை.

சிவப்பு விளக்கு எரிகிறதே என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த விளக்கு சுவிட்சுக்குள்ளேயே இருக்கிறது, சுவிட்ச் வரை கரண்ட் வந்துவிட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். சுவிட்சுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பட்டணத்தில் ஒரு பட்டறையில் டெஸ்ட் பேனாவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹீட்டர் முனையில் பேனா எரிந்திருக்கிறது. "கரண்ட் வருது, ஆனா சுடல, அப்ப எலிமென்ட்தான்" என்று முடிவு கட்டி, இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும் என்றும் சொல்லிவிட்டார்கள். மாமா பணம் கட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

டெஸ்ட் பேனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூரில் எல்லார் சட்டைப் பையிலும் அது இருக்கிறது. பேனா எரிவதற்கு லைவ் மட்டும் வந்தால் போதும். நியூட்ரல் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால்தான் எலிமென்ட் சுடும். திரும்பி வரும் பாதை அறுந்திருந்தாலும் பேனா பிரகாசமாக எரியும். அதே பேனாவை வைத்தே இதைக் கண்டுபிடிக்கவும் முடியும், அதுதான் பலருக்குத் தெரியாது. எலிமென்ட்டின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் லைவ் முனையில் எரியும், நியூட்ரல் முனையில் எரியாது. இரண்டு முனையிலும் எரிந்தால் எலிமென்ட் நன்றாக இருக்கிறது, நியூட்ரல்தான் அறுந்திருக்கிறது. லைவ் எலிமென்ட் வழியாகப் புகுந்து அந்தப் பக்கம் வரை வந்து, போக வழியில்லாமல் நிற்கிறது. எலிமென்ட் அறுந்திருந்தால் அந்தப் பக்கம் வந்தே இருக்காது.

நான் வைத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் எரிந்தது.

அதோடு விடாமல் மீட்டரை எடுத்தேன். பேனா சொன்னதை எண்ணில் பார்க்காமல் நான் எதையும் கழற்றுவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எலிமென்ட்டின் இரண்டு வயரையும் கழற்றி அளந்தேன். 63 ஓம். தகட்டுக் கணக்குப்படி 62. எலிமென்ட்டுக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையே கசிவைக் காட்டும் 500 வோல்ட் மெகர் மீட்டர் போட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை. ஆக, ஆயிரம் வெள்ளிச் சாமான் சுகமாகத்தான் இருக்கிறது. வயரைக் கழற்றாமல் ஓம் அளக்காதீர்கள், வண்டியில் இருக்கும் சார்ஜர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். தண்ணீர் சூடாக இருக்கும்போதும் அளக்காதீர்கள், தெர்மோஸ்டாட் திறந்திருக்கும், பாதை அறுந்ததுபோல் தெரியும்.

இப்போது வேடிக்கை பாருங்கள். எலிமென்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஹீட்டருக்கு வரும் வயர் முனையில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் 235 வோல்ட், அதாவது நல்ல கரண்ட். நல்ல எலிமென்ட்டும் இருக்கிறது, நல்ல கரண்டும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து மாட்டினால் சுடவில்லை! இந்த இடத்தில்தான் பலர் குழம்பிப்போய்ப் புது எலிமென்ட் வாங்குகிறார்கள்.

டிஜிட்டல் மீட்டருக்கு உள்ளே இருக்கும் தடை ஏறக்குறைய 10 மெகா ஓம். அது காட்டுவதற்குத் தேவையான கரண்ட் கண்ணுக்கே தெரியாத அளவு. கரிந்துபோன ஜாயிண்ட்கூட அந்த அளவைக் கொடுத்துவிடும். எலிமென்ட் அப்படி இல்லை, 3.7 ஆம்பியர் கேட்கும். அவ்வளவு கேட்டதும் கரிந்த ஜாயிண்ட் கையை விரித்துவிடும். அதனால் வோல்டேஜை லோடு மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். எலிமென்ட்டைத் திரும்ப மாட்டி, சுவிட்சைப் போட்டு, அதன் இரண்டு முனைக்கும் நடுவே அளந்தேன். 2 வோல்ட்கூட இல்லை. வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை ஒற்றை வயரில் மாட்டினால் சுழியம். இது உயிருள்ள 230 வோல்ட்டில் செய்யும் அளவை. பழக்கம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓம் அளப்பது வரை யாரும் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, ஜாயிண்ட் எங்கே? சுவிட்சிலிருந்து ஹீட்டர் வரை வயரைத் தடவிக்கொண்டே போனேன். படுக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியில், மாமா வைத்திருந்த பாய், மடக்கு நாற்காலி, மீன் தூண்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தபிறகு, பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் கிடைத்தது. வண்டியைக் கட்டியவர்கள் போட்டதா, பிறகு யாராவது போட்டதா தெரியாது. லைவ் பக்கம் வெள்ளையாக இருந்தது. நியூட்ரல் பக்கம் பழுப்பாகி, ஓரம் உருகி, ஸ்க்ரூவின் தலைக்குச் சுற்றிலும் கரிப்பொடி. நீல வயரின் தோல் விரல் நீளத்துக்கு விறைத்துப் போயிருந்தது, வளைத்தால் முறிந்தது. உள்ளே செம்புக் கம்பி இழைகளில் பாதி ஸ்க்ரூவுக்கு அடியிலேயே இல்லை, வெளியே பிரிந்து நின்றன. மோந்து பார்த்தால் சுட்ட மீன் வாடைபோல ஒரு வாடை. இந்த வாடை வந்தால் எந்த மீட்டரும் வேண்டாம், அங்கேயே நின்று தேடலாம்.

எப்படி ஆகிறது என்றால், வண்டி ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருக்கிறது. வீட்டு வயரிங்கில் இறுக்கிய ஸ்க்ரூ இருபது வருஷம் அப்படியே இருக்கும், வண்டியில் இருக்காது. கொஞ்சம் தளர்ந்ததும் அந்த இடத்தில் தடை கூடுகிறது, சூடு உண்டாகிறது, சூட்டில் செம்பு கறுக்கிறது, கறுத்ததும் தடை இன்னும் கூடுகிறது. அதிலும் ஹீட்டர் வயர் என்றால் ஒரே ஓட்டமாக அரை மணி, முக்கால் மணி நேரம் 3.7 ஆம்பியர் இழுக்கும். விளக்கு வயரில் இந்தத் தளர்ச்சி இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. பக்கத்திலேயே பாயும் துணியும் இருந்த பெட்டி அது. தீப்பிடிக்காமல் ஜாயிண்ட் தானாகவே அறுந்து போனது அவர்கள் நல்ல நேரம் என்றுதான் சொல்வேன்.

வயரைப் பளபளவென்று செம்பு தெரியும் இடம் வரை பின்னால் வெட்டினேன், விறைத்த தோல் உள்ள பகுதி ஒரு அங்குலம்கூட மிச்சம் வைக்கவில்லை. முனையில் ஃபெரூல் என்னும் சின்ன உலோகக் குழல் போட்டு நசுக்கி, பீங்கான் கனெக்டரில் இறுக்கி, மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து, வயர் இழுபடாதபடி இரண்டு பக்கமும் கிளிப் அடித்தேன். சாமான் செலவு இருபது வெள்ளிகூட ஆகவில்லை.

மறுபடி சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று துப்புவது நின்று ஒரே சீராகத் தண்ணீர் வரும் வரை விட்டேன். தொட்டி காலியாக இருக்கும்போது எலிமென்ட்டைப் போட்டால் அது கருக அதிக நேரம் ஆகாது. நல்ல எலிமென்ட்டைக் கொல்ல இதைவிட சுலபமான வழி கிடையாது. அப்புறம் போட்டோம். 232 வோல்ட், கிளாம்பில் 3.7 ஆம்பியர். அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆனதும் குழாயில் கை வைக்க முடியவில்லை. கணக்கும் அதுதான்: 28 டிகிரி தண்ணீர் 10 லிட்டர் 70 டிகிரிக்கு வர ஏறக்குறைய அரை யூனிட் கரண்ட், 850 வாட்டில் அதற்கு அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மலையில் தண்ணீர் 18 டிகிரிக்கு இருக்கும், முக்கால் மணி நேரம் பிடிக்கும், அதைப் பார்த்து ஹீட்டர் மறுபடி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லி வைத்தேன்.

"அப்ப பேட்டரியிலயும் இன்வெர்ட்டர் போட்டுச் சுட வைக்கலாமா தம்பி?" என்று மாமா கேட்டார். 850 வாட் என்றால் 12 வோல்ட் பக்கத்தில் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவர் வைத்திருக்கும் 100 ஏஎச் பேட்டரி ஒரு தொட்டித் தண்ணீருக்கே பாதி காலி. பாயிண்ட் இல்லாத இடத்தில் கேஸ்தான்.

இதே புகார், ஆனால் சுவிட்சைப் போட்டதும் இஎல்சிபி விழுகிறது என்றால் கதை வேறு. எலிமென்ட்டின் உலோகக் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சும். நம்மூர் புழுக்கத்தில், மழைக்காலம் முழுக்கப் போடாமல் நிறுத்தி வைத்த வண்டியில், முனை வழியாக ஈரம் ஏறிக் கசிய ஆரம்பிக்கும். உடனே தூக்கி எறிய வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டு, கேஸில் தொட்டியைச் சில மணி நேரம் சுட வைத்து வைத்து எடுத்தால் பொடி காய்ந்து மெகரில் அளவு ஏறுவதுண்டு. ஏறினால் பிழைத்தது. 1 மெகா ஓமுக்கு மேல் வரவே இல்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். இஎல்சிபி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வண்டியைப் பார்த்தால் அதைச் சரி செய்யாமல் நான் வேறு வேலையில் கை வைப்பதே இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், மாமா வீட்டிலேயே ஒன்று பார்த்தேன். நான் போனதும் முதல் வேலையாக வண்டிக் கதவின் உலோகச் சட்டத்தில் டெஸ்ட் பேனாவை வைத்தேன், எந்த வண்டியைத் தொடுவதற்கு முன்னாலும் இதைச் செய்வேன். மங்கலாக எரிந்தது. வண்டி நிற்பது ரப்பர் டயரில். மண்ணோடு அதற்குத் தொடர்பே இல்லை. அதற்கு எர்த் கிடைப்பது பிளக்கில் வரும் அந்த ஒற்றைப் பச்சை வயரில் மட்டும்தான். வீட்டு வாசலில் இருந்த பாயிண்டைத் திறந்தால், ஏதோ கல்யாணத்துக்கு விளக்குப் போட இரண்டு கோர் வயரில் இழுத்தது, எர்த் வயரே இல்லை. வண்டியின் சார்ஜரில் இருக்கும் ஃபில்டரிலிருந்து துளித் துளியாகக் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் பாடி முழுக்க நின்றுகொண்டிருந்தது. தொட்டால் லேசாகச் சுருக் என்னும், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு எலிமென்ட் கசிந்தால் அதே பாடியில் முழு 230 வோல்ட் ஏறும். எர்த் இருந்தால் கசிந்த உடனே இஎல்சிபி விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அது காத்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் மழையில் நனைந்து, வெறுங்காலோடு புல்லில் நின்றுகொண்டு அந்தக் கதவைத் திறப்பார்கள். நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் நான் மேலே சொன்ன வேலை முழுவதையும் சமையலறைப் பாயிண்டிலிருந்து வயர் இழுத்துத்தான் செய்தேன், அதில் எர்த் இருப்பதை அளந்து பார்த்த பிறகு. எக்ஸ்டென்ஷன் ரீலில் இருந்த வயரை முழுக்க அவிழ்த்துத் தரையில் போட்டோம். சுருட்டியபடியே ஹீட்டரை ஓட்டினால் ரீலே சூடேறி உருகும்.

அந்த வாசல் பாயிண்டைப் பழைய நிலையில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர் இழுத்து, மழை படாத மூடி போட்ட சாக்கெட் வைத்து, அதற்கென்று தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (கசிவு வந்தால் விழும் அதே இஎல்சிபி மாதிரி சுவிட்ச்) போட்டேன். தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர்தான் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளிலேயே இருக்கிறது. மாமா, வண்டிக்குள்ளேயே 30 மில்லி ஆம்பியர் ஒன்று இருக்கிறதே, இது வீண் செலவு என்றார். அத்தைதான் "போடச் சொல்லுங்க" என்று முடித்து வைத்தார். இரண்டும் இருக்கட்டும், வண்டிக்குள் இருப்பது வாசலில் கிடக்கும் வயரைக் காப்பாற்றாது.

மலையில் நிறுத்தும் இடத்துப் பாயிண்ட் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், மூன்று சின்ன விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்றையும் அவர் டாஷ்போர்டில் போட்டுக் கொடுத்தேன். எர்த் இல்லை, லைவும் நியூட்ரலும் மாறியிருக்கிறது என்பதை அது செருகிய உடனே காட்டிவிடும். அது சரியாக எரியாத இடத்தில் ஹீட்டருக்குக் கேஸ்தான் போட வேண்டும், மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஒருமுறை அந்தப் பீங்கான் கனெக்டரின் ஸ்க்ரூவைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுதி, ஹீட்டர் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.